ஒரே திரையில் மச்சானும் மாப்பிள்ளையும்

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் நாம் விடைபெற்றபோது மச்சானின் கை மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் இருந்தது. நமக்கு ஏழு நாள் ஓடிவிட்டது. அவர்களுக்கு அரை விநாடிகூட ஆகவில்லை. கை அங்கேயேதான் இருக்கிறது. காலர்தான் கொஞ்சம் கிழிந்திருக்கிறது.

"கையை எடுங்க மச்சான். புதுச் சட்டை."

"எடுக்கறேன் மாப்பிள்ளை. ஸ்வெல்ட்தான் வேகம்னு சொன்னீங்களே, அதை முதல்ல வாபஸ் வாங்குங்க."

"வேகம்தானே. வேகத்தை வேகம்னுதான் சொல்லணும்."

மச்சான் கையை எடுத்தார். எடுத்த கையை வீணாக்காமல் மாப்பிள்ளையின் காதோரம் ஒன்று வைத்தார். மாப்பிள்ளை சுவரில் போய் மோதி, திரும்பி வந்து, வந்த வேகத்திலேயே மச்சானின் வயிற்றில் தலையால் முட்டினார்.

அந்த வீட்டில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. என்ன அடித்துக்கொண்டாலும் மரியாதை குறையாது. கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு பல் குறைந்திருக்கிறது. ஒரு 'ங்க' குறைந்ததில்லை.

இருவருக்கும் நடுவே, மேஜைமேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள் நடுவர். மச்சானுக்குத் தங்கை, மாப்பிள்ளைக்கு மனைவி. சின்ன வயதில் பந்தும் மட்டையும் அவளுடையவை. ஆனால் அண்ணன் மட்டையைத் தரமாட்டான். "நீ நடுவரா நில்லு" என்பான். நின்றாள். பெயரும் நின்றுவிட்டது. இன்றுவரை அவளுக்கு ஆட்டம் கிடைத்தபாடில்லை.

மணி எட்டேகால். சந்தை திறக்க முக்கால் மணி நேரம்.

கீழே இரண்டு அறை அலுவலகம், மேலே இரண்டு குடும்பம். தொழில், பங்கு விலைத்திரை செய்து கொடுப்பது. சந்தையிலிருந்து விநாடிக்குத் தொள்ளாயிரம் விலை வந்து விழும். அதை வாங்கி அனுப்புவது நடுவர் வேலை. திரையில் வரைவது ஆண்கள் வேலை. எதிர்த்தெருத் தரகு நிறுவனம் ஒன்றுதான் வாடிக்கையாளர். அங்கே நாற்பது டீலர்கள் இந்தத் திரையை நம்பித்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள், கடவுளைத் திட்டுகிறார்கள்.

ஃப்ரேம்வொர்க் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எண் மாறும்போது திரையில் எந்தக் கட்டத்தை அழிப்பது, எதை எழுதுவது என்று பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி. மேஸ்திரி இல்லாமலும் வீடு கட்டலாம். கட்டி முடிப்பதற்குள் பேரன் பிறந்துவிடுவான். மச்சானுக்கு ரியாக்ட் என்கிற மேஸ்திரிமேல் பக்தி. மாப்பிள்ளைக்கு ஸ்வெல்ட். மூன்று வருஷத்துக்கு முன்னால், இரண்டு நாற்காலிகள் உடைந்த ஒரு மத்தியானத்தில், நடுவர் ஒரு தீர்ப்பு சொன்னாள். திரையை நடுவில் பிளந்தாள். இடது பாதி விலைப்பட்டியல், மச்சானுக்கு. வலது பாதி வரைபடம், மாப்பிள்ளைக்கு. நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நியாயமான தீர்ப்புகள் எல்லாம் பிறகுதான் வேலையைக் காட்டும்.

காட்டியது, போன திங்கட்கிழமை. சந்தை திறந்ததும் திரை நாலு விநாடி பின்தங்கியது. அந்த நிறுவனத்தின் தலைமை டீலர், நாலு விநாடிக்கு முன்பே செத்துப்போயிருந்த ஒரு விலையை உயிரோடு இருப்பதாக நம்பி விற்றுவிட்டார். மறுநாள் கடிதம் வந்தது. 'ஒரு திரை, ஒரே ஃப்ரேம்வொர்க். எது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும். இல்லையேல் திரையைக் கழற்றிக்கொண்டு போகவும்.'

இன்று வெள்ளி.

இதோடு வீட்டு ஆண்கள் தாங்களாகவே ஒரு விதியைச் சேர்த்திருந்தார்கள். யாருடைய ஃப்ரேம்வொர்க் தோற்கிறதோ அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாடியைக் காலி செய்ய வேண்டும். பெட்டிகள் இரண்டும் நேற்றே கட்டப்பட்டு, மாடிப்படியில் எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

அதாவது, கணவன் தோற்றால் அவள் வீட்டை விட்டுப் போக வேண்டும். அண்ணன் தோற்றால் அவனை அவளே வெளியே அனுப்ப வேண்டும். எப்படி ஊதினாலும் விசில் அவள் வாயில்தான் உடையும்.

"நடுவரே, நீயே சொல்லு," என்றார் மச்சான், மாப்பிள்ளையின் கழுத்தை அக்குளில் இடுக்கியபடி. "நாளைக்கு நான் செத்தா, ரியாக்ட் தெரிஞ்ச ஆளு தெருவுக்கு நாலு பேர் கிடைப்பான். ஸ்வெல்ட் தெரிஞ்சவனை விளக்கு வெச்சுத் தேடணும்."

"நாளைக்கு ஏன் மச்சான்?" அக்குளிலிருந்து குரல் வந்தது. "ஸ்வெல்ட் மாறின கட்டத்தை மட்டும் தொடும். உங்க ஆளு மனசுக்குள்ள திரையோட நகல் ஒண்ணை வெச்சுக்கிட்டு, பழசு எது புதுசு எதுன்னு ஒப்பிட்டு, யோசிச்சு, அப்புறமாத்தான் எழுதுவாரு. தொள்ளாயிரம் விலை வரும்போது யோசிக்கவா நேரம்?"

"யோசிக்காம செய்யறதுதானே உங்க குடும்ப வழக்கம்?"

மாப்பிள்ளை கையை நீட்டினார். கிடைத்தது விசைப்பலகை. அதை மச்சானின் தலையில் உடைத்தார். எழுத்துகள் நாலாபக்கமும் தெறித்தன. மச்சானின் நெற்றியில் ரத்தம் கோடு போட்டு இறங்கியது.

"மாப்பிள்ளை, இது நான் வாங்கின விசைப்பலகை."

"தெரியும் மச்சான். என்னோடதை நான் உடைப்பேனா?"

அந்த நேரம் பார்த்து அண்ணி வந்தாள். மச்சானின் மனைவி, நிறுவனத்தில் பரிசோதகர். திரையில் எங்கே என்ன குறை என்று கண்டுபிடித்துப் பட்டியலில் ஏற்றுவது அவள் வேலை. முதலுதவிப் பெட்டியும் அவள் பொறுப்பு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக்கொள்வாள். கணவனின் தலைமுடியிலிருந்து இரண்டு எழுத்துகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு உட்கார்ந்து தட்டினாள்: 'குறை எண் 212. நெற்றி. தீவிரம்: நடுத்தரம். மறுபடி நிகழ வாய்ப்பு: உறுதி.'

"அண்ணி, உங்க சோதனைக் கணினி சரியாச்சா?"

"எங்க? திங்கக்கிழமை செத்ததுதான். இவரோட மடிக்கணினியிலதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்." அண்ணி பஞ்சை வெட்டினாள். "கிளம்பலாமா? அடிச்சுக்கறதை அங்க போயும் அடிச்சுக்கலாம். இடம் பெருசு."

*

டீலர்களின் தளம் ஒரு விளையாட்டரங்கு மாதிரி. நீள நீளமான மேஜைகள், ஆளுக்கு நாலு திரை, நடுவில் கண்ணாடி அறை. கண்ணாடி அறைக்கு வெளியே தலைமை டீலர் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தளத்தில் அவருக்குப் புல்டோசர் என்று பெயர். அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. சொன்னவர் இப்போது அங்கே வேலையில் இல்லை.

"முடிவு பண்ணியாச்சா?"

"இன்னிக்கு ஓடறதைப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்," என்றாள் நடுவர். பையிலிருந்து ஓட்டப் பந்தயக் கடிகாரத்தை எடுத்தாள்.

மணி ஒன்பது.

முதல் விநாடியில் எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாவது விநாடியில் இடது பாதி ஒருமுறை கண் சிமிட்டியது. உடனே வலது பாதி சிமிட்டியது. மறுபடி இடது, மறுபடி வலது. பிறகு திரை மொத்தமும் மூச்சுப் பிடித்ததுபோல் அப்படியே நின்றது. நாற்பது மேஜைகளிலும் நாற்பது கைகள் மவுஸை ஓங்கிக் குத்தின.

நாலு. ஐந்து. ஆறு. ஆறேகால் விநாடி கழித்து எண்கள் ஒரேயடியாக வந்து கொட்டின.

"வித்துட்டேன்," என்றார் புல்டோசர். ரொம்ப அமைதியாகச் சொன்னார். அந்த அமைதியைக் கேட்டதும் பக்கத்து மேஜைக்காரர் தன் தண்ணீர்க் குப்பியை எடுத்துக்கொண்டு நாலு மேஜை தள்ளிப் போய்விட்டார். "இல்லாத விலைக்கு மறுபடி வித்துட்டேன்."

அவர் தன் திரையை இரண்டு கைகளாலும் பிடித்தார். ஒரே இழுப்பு. ஒயர்கள் வேரோடு வந்தன. திரை பறந்து போய்க் கண்ணாடி அறையின் சுவரில் இறங்க, சுவர் மழைபோலக் கொட்டியது. உள்ளே கூட்டத்தில் இருந்த ஐந்து பேர் கூட்டத்தை மேஜைக்கு அடியில் தொடர்ந்தார்கள்.

"யார் எழுதினது இதை?"

மூன்று வருஷமாக 'நான்தான், நான்தான்' என்று மார்தட்டிய இரண்டு ஆண்களும் அன்று முதன்முறையாக ஒத்துப்போனார்கள்.

"அவர்தான்," என்றார் மச்சான்.

"அவர்தான்," என்றார் மாப்பிள்ளை.

புல்டோசருக்கு யாரை நம்புவது என்று குழப்பமில்லை. இரண்டு பேரையும் நம்பினார். வலது கையில் ஒரு பிடரி, இடது கையில் ஒரு பிடரி. இரண்டு தலைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தார். சத்தம் தளத்தின் கடைசி மேஜைவரை கேட்டது. மாப்பிள்ளையின் கீழுதடு கிழிந்தது. மச்சானின் நெற்றிக் காயம் புதுப்பிக்கப்பட்டது. பிறகு மாப்பிள்ளையைத் தூக்கி ஒரு மேஜையின் நீளத்துக்கு இழுத்தார். காகிதம், குப்பி, கணிப்பான், ஒருவரின் கண்ணாடி என்று எல்லாம் அவரோடு பயணம் செய்து மறுமுனையில் விழுந்தன.

காவலர்கள் மூன்று பேர் வந்து புல்டோசரின் தோளில் தொங்கினார்கள். அவர் அவர்களோடு சேர்த்தே நடந்து நடுவரிடம் வந்தார். உள்ளங்கையில் கண்ணாடிச் சில்லு குத்தி, முழங்கைவரை ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"இங்க பாரும்மா. இன்னொரு தடவை பழைய விலைக்கு வித்தா என் வேலை போயிடும். போறதுக்கு முன்னாடி உங்க மூணு பேர்ல ஒருத்தரையாவது ஜன்னல் வழியா அனுப்பிட்டுத்தான் போவேன். இந்த ஊர்ச் சந்தையில பதினொண்ணரைக்கு இடைவேளை விடுவாங்க. பன்னிரண்டரைக்குத் திரும்பத் திறக்கும். அதுவரைக்கும் ஃபோன்ல சமாளிக்கிறேன். திறக்கும்போது திரை ஓடணும். எது வெச்சு ஓட்டறதுன்னு நீ சொல்லணும்."

"சொல்றேன் சார்."

"எத்தனாவது மாடின்னு தெரியும்ல?"

"ஒன்பது சார்."

"ஞாபகம் இருந்தா சரி."

*

தளத்தின் மூலையில் அச்சு இயந்திரங்கள் வைத்த ஒரு சின்ன அறை. அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்து நடுவர் மடிக்கணினியில் தன் பதிவேட்டைத் திறந்தாள். அவளிடம் வந்த விலைகள் எத்தனை, அவள் அனுப்பியது எத்தனை என்று விநாடிவாரியாக இருந்தது. எல்லாம் சரி. தாமதம் அவள் பக்கத்தில் இல்லை.

பிறகு, இதுவரை பார்க்கத் தோன்றாத ஒன்றைப் பார்த்தாள். திரைகளிலிருந்து அவளுக்குத் திரும்பி வந்த கேள்விகள்.

'எல்லா விலையையும் முதலிலிருந்து கொடு' என்ற ஒரே கேள்வி. ஒரு திரை இதைக் காலையில் ஒருமுறை கேட்கும். கண்ணைத் திறந்ததும் அம்மாவைத் தேடுகிற மாதிரி. அன்று சந்தை திறந்த முதல் நிமிஷத்தில் மட்டும் நாற்பது திரைகளும் சேர்ந்து பத்தாயிரத்துச் சொச்சம் தடவை கேட்டிருந்தன.

யார் கேட்கச் சொன்னது?

இடது பாதியின் நிரலைத் திறந்தாள். அண்ணனின் வரிகள். முதல் முந்நூறு வரி ஒழுங்கு. அதற்கடியில் ஒரு சின்னக் காவல்காரன் நின்றுகொண்டிருந்தான். அவன் வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு விலை வரும்போதும் வலது பாதியை எட்டிப் பார்ப்பது. அங்கே காட்டும் விலை தன் விலையிலிருந்து ஒரு புள்ளி மாறியிருந்தாலும் வலது பாதியை மொத்தமாக அழித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து வரையச் சொல்வது. மேலே அண்ணன் தன் கையால், போன வாரத் தேதி போட்டு, குறிப்பும் எழுதியிருந்தார்: 'மாப்பிள்ளையை நம்ப முடியாது.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. வலது பாதியைத் திறந்தாள். சிரிப்பு போய்விட்டது.

அங்கேயும் போன வாரம் வைத்த ஒரு காவல்காரன். அவன் இடது பாதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். 'மச்சான் எப்படியும் தப்பாத்தான் காட்டுவார்.'

இரண்டு பாதியும் தனித்தனியாக விலை வாங்குகின்றன. சந்தை மந்தமாக இருக்கும்போது இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், காவல்காரர்கள் தூங்குவார்கள். திறக்கும் மணி அடித்து விலைகள் பொழியும்போது ஒன்று ஒரு கண்ணிமைப்பு முந்தும், இன்னொன்று பிந்தும். இடதுகாரன் வலதை இடித்துத் தள்ளுவான். வலது எழுந்து பார்க்கும், இடது மாறியிருக்கும், இடதை இடித்துத் தள்ளும். வரைவதற்குள் அழிப்பு, அழிப்பதற்குள் வரைதல். நாற்பது திரைகளில் நாற்பது மச்சான்களும் நாற்பது மாப்பிள்ளைகளும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

சோதனையில் ஏன் தெரியவில்லை? அதற்கும் விடை அங்கேயே இருந்தது. அண்ணன் தன் பாதியைச் சோதிக்கும்போதெல்லாம் கணவரின் பாதியை அணைத்துவிட்டுச் சோதித்திருக்கிறார். கணவரும் அப்படியே. எதிராளி இல்லாத மைதானத்தில் இரண்டு பேருமே ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

மணி பதினொன்று ஐம்பது.

"உள்ள வாங்க ரெண்டு பேரும்," என்றாள்.

வந்தார்கள். அண்ணியும் பஞ்சோடு வந்து கதவோரம் நின்றாள். நடுவர் இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இருவருக்கும் படிக்கத் தெரியும்.

மாப்பிள்ளைதான் முதலில் படித்து முடித்தார்.

"என் பாதியை அழிக்கறதுக்கு ஆள் வெச்சிருக்கே. நீ எல்லாம் ஒரு மச்சானாடா?"

ஆறு வருஷத்தில் முதல் 'டா'. அண்ணி பஞ்சைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீ மட்டும் என்னடா வெச்சிருக்கே?" என்றார் மச்சான்.

அதன் பிறகு பேச்சு இல்லை. அதுவரை நடந்ததெல்லாம் சண்டை மாதிரி இருந்த பேச்சு, இதுதான் சண்டை. மாப்பிள்ளை மச்சானின் தொண்டையை இரண்டு கையாலும் நெரித்தார். மச்சானின் முகம் சிவந்து, நீலமாகத் தொடங்கியது. மச்சான் முழங்காலால் ஓர் உதை விட, மாப்பிள்ளை காகித அடுக்கின்மேல் விழுந்தார். எழுவதற்குள் மச்சான் அவர் விலாவில் மிதித்தார். ஏதோ ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. விலாவா, பிளாஸ்டிக் தட்டா என்று யாரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை அந்தக் காலையே பிடித்து இழுத்து, மச்சானின் முகத்தை அச்சு இயந்திரத்தின் நகலெடுக்கும் கண்ணாடியில் அறைந்தார். ஒருமுறை அல்ல. இயந்திரம் ஏதோ பொத்தான் அழுந்தி வேலை செய்யத் தொடங்கியது. மச்சானின் கன்னம் கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு பிரதியாக வெளியே வந்தது.

"விடுங்க! செத்துடுவாரு!" அண்ணி கத்தினாள்.

மச்சான் கைக்கு எட்டியது முக்காலி. இரும்பு முக்காலி. அதைத் தலைக்குமேல் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்து வீசினார்.

மாப்பிள்ளை குனிந்தார். அது ஆறு வருஷப் பயிற்சி.

அவருக்குப் பின்னால் மடிக்கணினியை அணைத்தபடி அவள் நின்றிருந்தாள்.

முக்காலியின் கால் இடது புருவத்தில் பட்டது. சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, கன்னத்தில் வழிந்து, மடியில் இருந்த மடிக்கணினியின்மேல் சொட்டியது.

"ஐயோ, பாப்பா!" அண்ணனுக்கு இருபது வருஷமாகச் சொல்லாத பெயர் வாயில் வந்துவிட்டது. முழங்காலிட்டு வந்தார். மாப்பிள்ளை விலாவைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தார்.

"பக்கத்துல வராதீங்க," என்றாள் அவள். "ரெண்டு பேரும் அந்தச் சுவர்ல போய் ஒட்டிக்கங்க. மணி என்ன அண்ணி?"

"பன்னிரண்டு அஞ்சு. முதல்ல கட்டுப் போடணும்—"

"நீங்க பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கங்க. எனக்கு ஒரு கண்ணு போதும்."

அண்ணி பஞ்சை அழுத்தினாள். நடுவர் வேலையைத் தொடங்கினாள்.

முதலில் இரண்டு காவல்காரர்களையும் அழித்தாள். பிறகு இரண்டு பாதிக்கும் தனித்தனியாக ஓடிய வாய்க்கால்களை அடைத்து, நடுவில் ஒரே தொட்டி கட்டினாள். விலைகள் அதில் வந்து விழும். இரண்டு மேஸ்திரிகளும் அதில் இருந்துதான் மொண்டுகொள்ள வேண்டும். எனவே ஒருவர் விலையும் மற்றவர் விலையும் மாறவே முடியாது. தொள்ளாயிரம் விலையையும் ஒன்றுவிடாமல் வரைவதையும் நிறுத்தினாள். விநாடிக்குப் பத்து முறை, அந்தந்த நேரத்தின் கடைசி விலையை மட்டும். அதற்குமேல் வரைந்தால் படிக்க மனிதனுக்குக் கண் இல்லை. எண்ணி அறுபது வரி.

சுவரில் ஒட்டியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப," என்றார் மச்சான் மெதுவாக, "எந்த ஃப்ரேம்வொர்க்கா இருந்தாலும்..."

"எதுவா இருந்தாலும் ஓடியிருக்கும். ரியாக்ட் மேலயும் தப்பில்ல, ஸ்வெல்ட் மேலயும் தப்பில்ல. பாவம், அதுங்க ரெண்டும் நீங்க சொன்னதைத்தான் செஞ்சுது."

மாப்பிள்ளை எதையோ துப்பினார். பல். ஆறு வருஷத்தில் இரண்டாவது.

*

பன்னிரண்டு இருபத்தொன்பது. புல்டோசர் கையில் கட்டோடு வேறொரு திரைமுன் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. காற்றுக்காகவா, வேறு எதற்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டரை.

எண்கள் ஓடின. இடது பாதி ஓடியது, வலது பாதி ஓடியது, கண் சிமிட்டவில்லை. அவள் ஓட்டப் பந்தயக் கடிகாரத்தை அழுத்தினாள். நிறுத்துவதற்குள் விலை வந்துவிட்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதுதான்.

புல்டோசர் ஒன்றை விற்றார். விற்ற விலையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இரண்டும் ஒன்று. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"சரி. எதுன்னு சொல்லு."

மாடிப்படியில் இரண்டு பெட்டிகள் காத்திருந்தன.

"ரியாக்ட் சார். வலது பாதியையும் அதுக்கே மாத்தறோம். ஒரு மாசம்."

மச்சானின் உடைந்த முகத்தில் ஒரு புன்னகை கிளம்பியது.

"மாத்தி எழுதப்போறது இவர்," என்று கணவரைக் காட்டினாள். புன்னகை பாதியில் நின்றது. "இவர் எழுதற ஒவ்வொரு வரியையும் பக்கத்துல உக்காந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடப்போறது அவர். ஒருத்தர் கையெழுத்து இல்லாம இன்னொருத்தர் வரி திரைக்குப் போகாது. ரெண்டு பேரோட கடவுச்சொல்லையும் மாத்திட்டேன். பெட்டி ரெண்டும் இன்னிக்கே பிரிச்சாகணும். யாரும் எங்கயும் போகல."

மாப்பிள்ளை விலாவைத் தடவினார். "நீங்க இன்னொரு தடவை தலையை மோத வைக்கறதா இருந்தா வைங்க சார். அதைவிட இது மோசம்."

"அது சரி, ஏன் ரியாக்ட்?" என்றார் புல்டோசர்.

"ஆள் சுலபமா கிடைக்கும் சார். இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கொன்னுட்டாலும் மறுநாள் காலையில ஒன்பது மணிக்குத் திரை ஓடணும் இல்ல?"

புல்டோசர் சிரித்தார். அவர் சிரித்து அந்தத் தளத்தில் யாரும் பார்த்ததில்லை. பழக்கமில்லாததால் நாலு பேர் பயந்து எழுந்துவிட்டார்கள்.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை, கொஞ்ச நேரம் கழித்து. "கன்னத்துல பனிக்கட்டி வைங்க. வீங்குது."

"வெக்கறேன் மாப்பிள்ளை. நீங்க விலாவை ஒரு படம் எடுத்துடுங்க."

'ங்க' திரும்பி வந்துவிட்டது. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நொண்டியபடி மின்தூக்கிப் பக்கம் போனார்கள்.

நடுவர் உட்கார்ந்தாள். பின்னால் நின்று அண்ணி புருவத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒருமுறை பதிவேட்டைத் திறந்தாள். 'எல்லா விலையையும் முதலிலிருந்து கொடு' என்ற கேள்வி இப்போது வரக்கூடாது. காவல்காரர்கள் இருவரும் இல்லை. பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

காலியாக இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று. நிமிஷத்துக்கு ஒன்று, கடிகாரம் மாதிரி. கேட்டது வெறும் விலைகளை அல்ல. புல்டோசர் எதை வாங்கினார், எதை விற்றார் என்பதையும் சேர்த்துக் கேட்டது.

கேள்வி இந்தத் தளத்திலிருந்து வரவில்லை. அவர்களுடைய வீட்டுக் கீழ்த்தள அலுவலகத்திலிருந்து வந்தது. கேட்கும் கணினியின் பெயரும் பக்கத்திலேயே இருந்தது: 'அண்ணி – சோதனை'.

திங்கட்கிழமையே செத்துவிட்டதாகச் சொன்ன கணினி.

நடுவர் அழிக்கும் விசைமேல் விரலை வைத்தாள். புருவத்தில் பஞ்சு இன்னும் கொஞ்சம் அழுந்தியது. அண்ணி அவள் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அதை மட்டும் அழிச்சுடாதே," என்றாள் அண்ணி. குரலில் காலையில் இருந்த கிண்டல் இல்லை. "அழிச்சா நடக்கப்போறதைப் பார்க்கும்போது, இவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டதெல்லாம் விளையாட்டா தெரியும்."

பஞ்சை விட்டுவிட்டு நடுவரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நடுவர் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. பட்டியலில் அடுத்த நிமிஷத்தின் வரி வந்து விழுந்தது.